பிளாக் இல்லை, பம்பிங் நார்மல். பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

இதயம்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "தொப்பைக்குள் இருக்கும் கொழுப்பும் ஹார்மோன் சுரக்கிறது, அது இதயத் தசை வரை போகிறது" என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

என் கணவருக்கு வயது 56. கை, கால் எல்லாம் ஒல்லி. வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆஞ்சியோ பார்த்தார்கள், பெரிய பிளாக் எதுவும் இல்லை. எக்கோவில் பம்பிங் 62 சதவீதம், நார்மல். ஆனாலும் "இதயத் தசை விறைத்திருக்கிறது, வயிற்றுக் கொழுப்பைக் குறையுங்கள்" என்கிறார் டாக்டர். வயிற்றில் இருப்பது இதயத்தை எப்படிக் கெடுக்கும்?
(ஒரு வாசகி, கோவில்பட்டி)

அம்மா, உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 62 என்ற எண்ணைப் பார்த்ததும் பலர் நிம்மதியாக ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படி விடாமல் எழுதிக் கேட்டதே நல்லது.

இதயத்துக்கு இரண்டு வேலை. சுருங்கி ரத்தத்தைத் தள்ள வேண்டும். அப்புறம் தளர்ந்து விரிந்து, அடுத்த துடிப்புக்கான ரத்தத்தை உள்ளே வாங்க வேண்டும். பம்பிங் சதவீதம் முதல் வேலைக்கு மட்டும்தான் மார்க் போடுகிறது. தசை விறைத்துப்போன இதயம் நன்றாகவே சுருங்கும், ஆனால் சரியாக விரியாது. உள்ளே நுழைய முடியாத ரத்தத்தின் அழுத்தம் பின்னால் நுரையீரல் பக்கம் ஏறுகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடி ஏறினால் மூச்சு வாங்கும். பம்பிங் குறையாமலே வரும் ஹார்ட் ஃபெயிலியர் இது, அதாவது இதயம் நின்றுபோவது அல்ல, உடம்பின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுவது. உலகத்தில் இன்று ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வகைதான்.

இனி கொழுப்புக்கு வருவோம். கொழுப்பு என்றால் உடம்பு சேமித்து வைத்த எண்ணெய், வேறு வேலை அதற்கு இல்லை என்றுதான் மருத்துவ உலகமும் வெகுகாலம் நினைத்திருந்தது. அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒருவகை எலி ஓயாமல் தின்று, மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு எடைக்குப் போய்விடும். டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி அந்த எலியையும் சாதாரண எலியையும் ரத்த ஓட்டம் கலக்கும்படி ஒட்டித் தைத்துப் பார்த்தார். குண்டு எலி தின்பதைக் குறைத்தது. ரத்தத்தில் ஏதோ ஒரு பொருள் வந்து "போதும்" என்று சொல்கிறது, குண்டு எலிக்கு அது இல்லை என்று அவர் முடிவு கட்டினார். அது என்ன பொருள் என்பது 1994-ல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவுக்குப் பிடிபட்டது. லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுரப்பது கொழுப்புச் செல். அன்றிலிருந்து கொழுப்பும் நாளமில்லாச் சுரப்பிகளின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

கொழுப்பு கூடினால் லெப்டினும் கூடும். அப்படியானால் பசி அடங்க வேண்டுமே? அடங்குவதில்லை. அளவு மீறிய லெப்டினுக்கு மூளையின் பசி மையம் செவி சாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. ஆனால் நரம்பு மண்டலமும் அட்ரினல் சுரப்பியும் அதன் பேச்சைத் தொடர்ந்து கேட்கின்றன. நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கிறது. அதே ஆல்டோஸ்டீரோன் இதயத் தசை நார்களுக்கு நடுவே தழும்புத் திசு வளரவும் காரணமாகிறது. உங்கள் கணவருக்கு டாக்டர் சொன்ன விறைப்பில் இதற்கு ஒரு பங்கு உண்டு.

இதோடு முடியவில்லை. தொப்பைக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பில் செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது, உடம்பின் காவல் செல்கள் அங்கே போய்க் குடியேறுகின்றன. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் அங்கிருந்து ரத்தத்தில் கலக்கின்றன. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் உள்ளே ஓயாத ஓர் அழற்சி. இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களை அது பழுதாக்குகிறது. ஆஞ்சியோவில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும். இந்த நுண்குழாய்ப் பழுது அதில் தெரியாது. "பிளாக் இல்லை" என்ற ரிப்போர்ட்டும் உங்கள் கணவரின் மூச்சு வாங்கலும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது இதனால்தான்.

இன்னொரு கொழுப்பு இதயத்தின் மேலேயே இருக்கிறது. நான் தினமும் எக்கோவில் பார்ப்பது. நெஞ்சில் ஜெல்லி தடவி புரோபை வைத்ததும், இதயத்தின் வலது கீழறைக்கு முன்னால் ஒரு கறுத்த பட்டை தெரியும். மெலிந்த ஆளுக்கு அது ஒரு கோடு. தொப்பை உள்ளவருக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் தடிமன், சிலருக்கு அதற்கும் மேலே. இந்தக் கொழுப்புக்கும் இதயத் தசைக்கும் நடுவில் சவ்வு, தடுப்பு என்று எதுவும் கிடையாது. இரண்டுக்கும் ரத்தம் கொடுப்பதும் ஒரே குழாய்கள்தான். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கும் இரண்டு வீடுகள் மாதிரி. ஒரு வீட்டார் கழிவைக் கொட்டினால் அடுத்த வீட்டார் குடிப்பதும் அதைத்தான். அளவோடு இருக்கும்வரை இந்தக் கொழுப்பு நல்லது. இதயத்துக்கு எரிபொருளும் காப்பும் கொடுக்கிறது. பருத்துவிட்டால் குணம் மாறுகிறது. பைபாஸ் அறுவையில் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுப்பார்கள் இல்லையா, அப்போது கால் கொழுப்பில் ஒரு துணுக்கு, இதயத்தின் மேலிருக்கும் கொழுப்பில் ஒரு துணுக்கு என எடுத்து ஒப்பிட்டார்கள். 2003-ல் வந்த ஆய்வு. ஒரே மனிதரின் உடம்பில், கால் கொழுப்பைவிட இதயக் கொழுப்பில் அழற்சிப் பொருள்கள் பல மடங்கு இருந்தன.

செய்ய வேண்டியது: சர்க்கரைக்குக் கொடுக்கும் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பம்பிங் குறையாத ஹார்ட் ஃபெயிலியருக்கு முதன்முதலாகத் தெளிவான பலன் காட்டிய மருந்துகளில் இவை முக்கியமானவை. 2021-ல் வெளியான எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில் ஏறத்தாழ 6,000 பேர் இருந்தார்கள். இதய மரணம், ஹார்ட் ஃபெயிலியருக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 21 சதவீதம் குறைவு. கருவாடு, அப்பளம், ஊறுகாய் மூன்றையும் வீட்டில் எல்லாருமே குறைத்துவிடுங்கள். அவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது.

எனக்கு 34 வயது. கம்ப்யூட்டர் வேலை. என் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் கணக்கு) 23.5 தான். பேன்ட் சைஸ் கல்லூரிக் காலத்திலிருந்து 34. நான் குண்டு இல்லையே டாக்டர், இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?
(ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்)

பொருந்தும் தம்பி. பேன்ட் சைஸை நம்பாதீர்கள். என் அறைக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். எழுந்து நிற்கச் சொன்னால், பெல்ட் தொப்புளுக்கு நான்கு விரல் கீழே, தொப்பைக்கு அடியில் இறங்கியிருக்கும். வயிறு வளர வளர பேன்ட் கீழே நகர்கிறது. சைஸ் மட்டும் மாறுவதில்லை.

இன்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் தூக்கிவிட்டு, பக்கவாட்டில் கடைசி விலா எலும்பு எங்கே முடிகிறது, இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு எங்கே என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல் சாதாரணமாக மூச்சை விட்டு அளவு பாருங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. பெண்கள் பாவாடை நாடா கட்டுகிற தழும்பின் மேல் அளக்கிறார்கள், அது சரியான இடம் இல்லை.

பி.எம்.ஐ. விஷயத்துக்கு ஒரு புகழ்பெற்ற படம் உண்டு. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு டாக்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள்: புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பு இப்படித்தான். கை காலில் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். அதனால்தான் நமக்கு 23-லிருந்தே கூடுதல் எடை, 25-லிருந்து உடல் பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் 23.5 ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது.

52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டினருக்குக் கிட்டத்தட்ட 59. மாரடைப்பு ஆபத்தைக் காட்டுவதில் பி.எம்.ஐ.யைவிட இடுப்பு அளவுக் கணக்குதான் சரியாக இருந்தது என்றும் அதே ஆய்வு சொன்னது. எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ஒல்லி ஆள், தொப்பை மட்டும் கல்லாப்பெட்டியில் முட்டும். "எனக்கென்ன, குச்சி மாதிரி இருக்கேன்" என்று கடைசிவரை சர்க்கரைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. உங்கள் வயதிலேயே நீங்கள் கேட்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்த வாரமே அளந்துவிடுங்கள்.

அடிப்போனெக்டின் என்ற நல்ல ஹார்மோனைக் கொழுப்பே சுரக்கிறது, அது இதயத்தைக் காக்கிறது என்று படித்தேன். அதைக் கூட்டும் கேப்சூல் என்று ஒன்று விற்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் உண்டாம். என் அம்மாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். பரிசோதிக்கலாமா, கேப்சூல் வாங்கித் தரலாமா?
(ஒரு வாசகி, ஈரோடு)

இரண்டும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் படித்ததும் பொய் இல்லை.

அடிப்போனெக்டின் 1990-களின் நடுவில் கண்டுபிடிக்கப்பட்டது. ரத்தத்தில் மிக அதிகமாகச் சுற்றும் ஹார்மோன்களில் ஒன்று. லெப்டினை நானோகிராமில் அளந்தால் இதை மைக்ரோகிராமில் அளக்கிறோம், ஆயிரம் மடங்கு வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், கொழுப்பு கூடினால் இது குறையும். ஒரே எடையில் ஐரோப்பியரைவிட நமக்கு இது குறைவாக இருப்பதையும் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாஸ்டனில் கென்னத் வால்ஷ் குழு 2005-ல் ஒரு சோதனை செய்தது. அடிப்போனெக்டின் சுரக்காத எலிகளை எடுத்து, இதய ரத்தக்குழாயைச் சிறிது நேரம் கட்டி, பிறகு அவிழ்த்துவிட்டார்கள். மாரடைப்பு வந்து, அடைப்பை நீக்கும்போது மனிதருக்கு நடப்பதும் இதுதான். அந்த எலிகளுக்குச் சாதாரண எலிகளைவிட அதிகமான இதயத் தசை செத்துப்போனது. அடிப்போனெக்டினைக் கொடுத்தபோது சேதம் குறைந்தது. செத்துப்போகும் தசைச் செல்களை அது காப்பாற்றுகிறது, அழற்சியையும் தணிக்கிறது.

இதைப் படித்தால் யாருக்கும் ஊசியிலோ மாத்திரையிலோ கொடுத்துவிடலாமே என்றுதான் தோன்றும். ஆனால் மனிதர்களில் கதை திரும்புகிறது. ஏற்கெனவே ஹார்ட் ஃபெயிலியர் வந்தவர்களில் அடிப்போனெக்டின் யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் இறப்பும் அதிகம். டென்மார்க்கில் நடந்த ஆய்வு 2005-லேயே இதைக் காட்டியது, பிறகு வேறு இடங்களிலும் அதே முடிவு. உடம்பு மெலிந்து உருகும்போது இது ஏறுகிறது. திணறும் இதயத்துக்கு உதவ உடம்பு கூடுதலாகச் சுரக்கிறதா, அல்லது இதற்கும் தசைகள் பதில் சொல்லாமல் போய்விடுகின்றனவா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆக, உங்கள் அம்மாவுக்குப் பரிசோதித்து அளவு அதிகம் என்று வந்தால் அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? எந்த டாக்டராலும் அந்த எண்ணை வைத்து ஒரு மாத்திரையைக்கூட மாற்ற முடியாது. அந்தக் காசுக்கு பி.என்.பி. (திணறும் இதயம் ரத்தத்தில் விடும் ஒரு பொருள்) பரிசோதனை செய்யுங்கள், அது பயன்படும். கேப்சூலுக்கு ஆகும் பணத்தில் வீட்டுக்கு ஒரு நல்ல எடை மெஷின் வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு அம்மாவின் எடையை நோட்டில் குறியுங்கள். இரண்டு, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர் கோத்தது. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கொழுப்புதான் விஷம் என்றால் உறிஞ்சி எடுத்துவிடலாமே? லிப்போசக்‌ஷன் செய்துகொண்டால் இதயம் தப்பிக்குமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி)

ஐயா, இதையும் செய்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 15 பருமனான பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து ஆளுக்கு 10 கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துப் பரிசோதித்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வு. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு அளவு, அழற்சிப் பொருள்கள், அடிப்போனெக்டின், எதிலும் முன்னேற்றம் இல்லை. உறிஞ்ச முடிவது தோலுக்கு அடியில் இருப்பதை மட்டும். குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் இதயத்தின் மேலும் இருப்பதை அந்தக் குழாய் தொடுவதே இல்லை. எஞ்சிய செல்களும் பருத்தபடியேதான் இருக்கின்றன.

கொழுப்பே விஷம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பிறவியிலேயே உடம்பில் கொழுப்புத் திசு இல்லாத மனிதர்கள் இருக்கிறார்கள், மிக அரிது. லிப்போடிஸ்ட்ரோஃபி என்று பெயர். சேமிக்க இடம் இல்லாததால் சாப்பிட்ட கொழுப்பெல்லாம் ஈரலிலும் தசையிலும் போய் அடைகிறது. சின்ன வயதிலேயே கடுமையான சர்க்கரை வரும், பலருக்கு இதயத் தசையும் தடித்துவிடும். அவர்களுக்கு லெப்டினையே ஊசியாகக் கொடுக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தோலுக்கு அடியில், தொடையில், இடுப்பில் இருக்கும் கொழுப்பு நமக்குக் காவல். அந்த இடம் நிரம்பி வழிந்து உள்ளே சேரும்போதுதான் ஆபத்து.

51 வயது ஆகிறது. மாதவிடாய் நின்ற பிறகு சாப்பாடு கூடவில்லை, எடையும் கூடவில்லை. ஆனால் பழைய ரவிக்கையும் சுடிதாரும் வயிற்றில் பிடிக்கிறது. ஏன்?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடை மெஷின் இதைக் காட்டாது, டேப் காட்டும். பெண்களுக்கு இதய ஆபத்து ஏறத் தொடங்கும் வயதும் இதுதான். வருடம் ஒருமுறை சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். மாடி ஏறும்போது வரும் மூச்சு வாங்கலை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

வாரம் ஒரு ஊசி போட்டால் தொப்பை குறைகிறது என்கிறார்கள். இதயத்துக்கு நல்லதா? ஊசி இல்லாமல் எவ்வளவு குறைக்க முடியும்?
(ஒரு வாசகர், சேலம்)

நல்லது என்பதற்கு இப்போது ஆதாரம் இருக்கிறது. செமாக்ளுடைட் ஊசியை, பருமனும் பம்பிங் குறையாத ஹார்ட் ஃபெயிலியரும் சேர்ந்திருந்த 529 பேரிடம் சோதித்தார்கள். 2023-ல் வெளியான முடிவு: ஒரு வருடத்தில் ஊசி போட்டவர்களின் எடை சராசரி 13.3 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 2.6 சதவீதம். நடக்கும் தூரம் கூடியது, மூச்சு வாங்கல் குறைந்தது. அதே வருடம் வெளியான இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோயோ பக்கவாதமோ வந்த, சர்க்கரை இல்லாத 17,604 பேரில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. ஆனால் விலை அதிகம். வாந்தி, மலச்சிக்கல் வரும். நிறுத்தினால் எடை திரும்பும். கொழுப்போடு தசையும் கரைவதால், வயதானவர்கள் பருப்பு, முட்டை, மீன் என்று புரதத்தைக் கூட்டிக்கொண்டு, தசைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும். யாரோ போட்டுக்கொண்டார்கள் என்று மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை இது.

ஊசி இல்லாமலும் நடக்கும். அமெரிக்காவின் வட கரோலினாவில் 60 வயது தாண்டிய, இதே வகை ஹார்ட் ஃபெயிலியர் உள்ள 100 பேரை எடுத்து, 20 வாரம் உணவைக் குறைத்தும் நடைப்பயிற்சி கொடுத்தும் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. உணவுக் கட்டுப்பாடு தனியாகவும் பலன் தந்தது, நடை தனியாகவும் தந்தது, இரண்டும் சேர்ந்தபோது பலன் கூடியது. உள் கொழுப்பு நடைக்கு முதலில் கரைகிற கொழுப்பு. எடை அசையாமல் இருக்கும்போதே இடுப்பில் இரண்டு, மூன்று செ.மீ. இறங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ராத்திரி தட்டில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயை வையுங்கள். சாயங்காலம் டீயோடு வரும் பஜ்ஜியையும் வடையையும் சுண்டலாக மாற்றுங்கள். வாரத்தில் ஐந்து நாள், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் அரை மணி நேரம் நடங்கள். நெஞ்சு அழுத்தமோ தலைச்சுற்றலோ வந்தால் நின்றுவிடுங்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். அடுத்த எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போய், "தசை தளர்வது முன்பைவிடப் பரவாயில்லையா?" என்று கேளுங்கள். பம்பிங் எண்ணை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.